சைக்கிளில் செல்வோர் யார்? அவர்க்கேற்ற சைக்கிள் எது?

வேலைக்குச் சைக்கிளில் செல்வோர் நம் நாட்டில் எத்தனை பேர் என்ற வினாவுக்கு அதிகாரபூர்வமான விடை ஒன்று உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், உழைக்கும் இடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே எவ்விதம் செல்கிறீர்கள் என்று கேட்டு, ஏறத்தாழ 20 கோடிப் பேரின் விடைகளை அட்டவணையாக்கி வெளியிட்டனர். அவர்களுள் நடந்து செல்வோர் நாலரைக் கோடி. சைக்கிளில் செல்வோர் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் முதலியவற்றில் செல்வோர் இரண்டரைக் கோடிக்குச் சற்று அதிகம். அவ்வாண்டு வரையில் சைக்கிள் ஒரு நூலிழையேனும் முந்தி நின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

ஆயினும், அந்த அட்டவணையின் தலைப்பை ஊன்றிப் படிப்பவருக்கு வேறொரு வியப்புக் காத்திருக்கிறது. கணக்கெடுப்பார் உழைப்பாளிகளை நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம்: பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், இதரர். போக்குவரத்தைப் பற்றிய அந்த அட்டவணை நான்காவது வகையினரான ‘இதர’ தொழிலாளருக்கு மட்டுமே உரியது. நிலத்தை உழுகிறவரும், கூலிக்கு நாற்று நடுகிறவரும், வீட்டில் தறி போட்டு நெய்கிறவரும் அந்த 20 கோடியில் ஒருவராகவும் இல்லை. அதாவது இந்த மாத இதழை வாசிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்களாகவே அங்கே கருதப்படவில்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். விவசாயியின் வயல் வீட்டை ஒட்டி இருக்கும். நெசவாளியின் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆகவே அவர்களுக்குப் பயணம் ஏது என்ற எண்ணம். ஒலக்கூர் வட்டாரத்தை ஒரு வாரம் சுற்றி வந்தவர் எவரும் இதனை ஒப்பமாட்டார். இங்கே ஒருவருடைய மூன்று ஏக்கர் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. ஒரு துண்டு ஏரிக்குக் கீழே, ஒரு துண்டு அடுத்த ஊர் எல்லையில். நடவுக் கூலிக்கும் களையெடுப்புக்கும் செல்வோர், வேலை எந்த ஊரில் உண்டோ அந்த ஊருக்குச் செல்கின்றனர். நெசவாளி வீட்டில் இருந்தபடியே நெய்கிறார் என்பது மெய்தான். ஆனால் நூல் வீட்டில் விளைவதில்லை. பாவும் ஊடையும் வாங்கச் சங்கத்துக்குப் போகவேண்டும். நெய்ததை ஒப்படைக்கப் போகவேண்டும். கூலி பெறவும், கணக்குப் பார்க்கவும், சாயப் பட்டறைக்கும் போகவேண்டும். இவையெல்லாம் பயணம் அல்லவென்றால் பயணம் என்பது யாது?

ஒலக்கூர், திண்டிவனத்துக்கு வடக்கே, சென்னை-விழுப்புரம் இருப்புப்பாதையில் ஒரு சிறிய நிலையம். பஞ்சாயத்து யூனியன் தலைமையிடம். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை நான்கு தடங்களாக விரிந்து அருகிலேயே ஓடுகிறது. நிலம் பெரும்பாலும் சமதளம். நிலக்கடலையும் உளுந்தும் நெல்லும் மாறிமாறி வருவன; கோடைக்குத் தர்ப்பூசணி. சைக்கிளுக்கு இதைவிட வாய்ப்பான நிலம் வேண்டியதில்லை. மேடு பள்ளம் இல்லை என்பது ஒரு புறம் இருக்க, ஆடி மாதத்து மேல்காற்று மேடு பள்ளம் இரண்டையும் ஈடு செய்துவிடும் என்பதை எதிர்க்காற்றில் மிதித்தவர்கள் அறிவார்கள்.

விடியற்காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையில் கிராமத்துச் சாலையில் நின்று பார்த்தால் யார் யார் சைக்கிளில் செல்கின்றனர் என்பது விளங்கும். முதலில் பால்கேன் கட்டிய சைக்கிள்கள். பிறகு மண்வெட்டியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நீர் பாய்ச்சப் போகும் முதியவர்கள். ரயிலைப் பிடிக்க வேண்டிய கொத்து வேலைக்காரர்களும் கம்பெனித் தொழிலாளரும் நிலையத்தருகே சைக்கிளை விட்டுவிட்டு ஓடுவார்கள். ஏழரைக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். பெண்கள் முன்பு இந்தக் காட்சியில் இல்லை, இப்பொழுது உண்டு. இளைஞர்கள் முன்பு உண்டு. இப்பொழுது மிகச் சிலர். அவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர். ஆகவே இன்று சைக்கிள் யாருடையது என்றால், முதியவர், பெண், மாணவர், குறைந்த கூலிக்காரர் ஆகியோருடையது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். கூட்டங்களில் குரல் எழுப்பாதவர்கள் இவர்களே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இந்தப் பொருள் என் கவனத்துக்கு வந்தது ஒரு கடன் மனுவினால். இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றில், கறவை மாடு வைத்துள்ள பெண் அங்கத்தினர் ஒருவர் சைக்கிள் வாங்கக் கடன் கேட்டிருந்தார். நிர்வாகக் குழுவில் இது பெரிய விவாதமாகிவிட்டது. மேற்பார்வைக்குச் சென்றிருந்த நான் மூன்று மணி நேரம் அதனைக் கேட்க நேர்ந்தது. கூட்டுறவுக் கடன்களில் பயன்தரும் கடன், செலவுக் கடன் என்று பிரித்துப் பேசுவது பழைய மரபு. விதைக்கும் உரத்துக்கும் மாட்டுக்கும் கொடுப்பது பயன்தரும் கடன். கலியாணத்துக்குக் கொடுப்பது செலவுக் கடன். சைக்கிள் எதில் சேரும்?

“மாட்டுக்குக் கடன் கொடுத்தோம். சைக்கிள் அவரவர் சொந்தச் சௌகரியம்” என்றார் மூத்த டைரக்டர் ஒருவர்.

“பெரியப்பா, மாடு கறக்கிற பாலைத் தலையில் சுமந்துகொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் பாதி நாள் திரிந்துபோகிறது. மாடு பயன் தருகிறது என்றால் பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி தரவில்லையா?” என்று கேட்டார் இளையவர் ஒருவர். கேட்டுவிட்டு அவரே, “கொடுப்பதானால் மொபெட்டுக்குக் கொடுப்போம். சைக்கிள் யாருக்கு வேண்டும் இந்தக் காலத்தில்?” என்றும் சேர்த்துக்கொண்டார்.

மொபெட் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 15 கிலோமீட்டருக்கு மேல் நாள்தோறும் பாரத்தோடு செல்பவருக்கு மொபெட்டே தகுதி. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். நாளொன்றுக்குப் போகவர 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் 10 லிட்டர். பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 100 ரூபாய் என்று கொண்டால் மாதம் 1,000 ரூபாய். ஆறேழு மாதப் பெட்ரோல் காசில் ஒரு சாதாரண சைக்கிள் வந்துவிடும். இரண்டு மாடு வைத்துள்ள ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் ஆகும் பணம். ஐந்து கிலோமீட்டர் தூரத்தை நடந்தால் ஒரு மணி நேரம். சைக்கிளில் நிதானமாய்ச் சென்றால் 25 நிமிஷம். மொபெட்டில் 10 நிமிஷம். நடையிலிருந்து சைக்கிளுக்கு மாறுவதில் மிஞ்சும் நேரம் 35 நிமிஷம். சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு மாறுவதில் மிஞ்சுவது 15 நிமிஷம்தான். முதல் மிச்சம் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டாவது மிச்சத்துக்கு மாதந்தோறும் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

கடன் தருவது என்ற பக்கம் குழு சாய்ந்தபின், எந்தச் சைக்கிளுக்கு என்ற கேள்வி எழுந்தது. “பெண்பிள்ளைக்கு லேடீஸ் சைக்கிள்தானே, இதில் பேச என்ன இருக்கிறது?” என்று மூத்தவர் முடித்துவிடப் பார்த்தார். என் கருத்தில் பேசவேண்டியதெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய பரீட்சை நடந்திருக்கிறது. புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்க முனைந்தார். ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டனர். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் தரவும் ஏற்பாடாயிற்று. விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரித் தொழிலாளர், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் எல்லோரும் ஏறினார்கள். இதனை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் குறித்துள்ள ஒரு செய்தி நம் விவாதத்துக்கு நேரே பொருந்துவது. கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதனையே விரும்பியும் கேட்டார்கள். ஏனெனில் சீட்டுக்கும் ஹாண்டில்பாருக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.

நான் இந்தச் செய்தியைக் குழுவில் சொன்னதும், மனுப் போட்ட அம்மையார், அதுவரை கதவருகே நின்றிருந்தவர், “ஐயா, எனக்குக் குழந்தை வளர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் புல்லுக்கட்டு. பின்னால் கட்டு இருந்தால் காலைத் தூக்கிப் பின்வழியாகப் போட முடியுமா? கம்பி இல்லாத வண்டிதான் ஆகும்” என்றார். சற்று நிறுத்தி, மூத்தவரைப் பார்த்து, “மாமா, உங்களுக்கும் அதுதான் ஆகும். போன மாதம் உர மூட்டையோடு ஏறமுடியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதானே வந்தீர்கள்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மூத்தவரும் சிரித்தார்.

அந்த அம்மையார் சொன்னதைச் சைக்கிள் கம்பெனிகள் இன்னும் ஏற்கவில்லை. ஆண் சைக்கிள், பெண் சைக்கிள் என்ற பாகுபாடு கடைக்காரர் வசதிக்காக ஏற்பட்டது. உண்மையில் பார்க்கவேண்டியவை மூன்றுதான். முன்னால் என்ன இருக்கும், பின்னால் என்ன இருக்கும், ஏறுகிறவரின் முழங்கால் எப்படி இருக்கிறது. பின்னால் உயரமான பாரம் கட்டுகிறவர் ஆணாயினும் பெண்ணாயினும் குறுக்குக் கம்பி இல்லாத வண்டியே நல்லது. அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு அது இன்னும் நல்லது. காலை உயரத் தூக்கி ஏறும்போதும் இறங்கும்போதும் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் குறையும். கௌரவம் கருதி அவர்கள் வாங்குவதில்லை. குழந்தையை முன்னால் வைத்துச் செல்லும் தாய்க்குக் கம்பி வேண்டும். பாரத்தின் எடை மிகும்போதோ வேறொன்று குறுக்கிடுகிறது: குறுக்குக் கம்பி இருக்கும் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளாது, ‘டபுள் பார்’ என்று இரட்டைக் கம்பி வைத்துச் செய்தது அதற்காகவே.

பால் எடுத்துச் செல்வோர் கணக்கைப் பார்ப்போம். 20 லிட்டர் கேன்கள் இரண்டு என்றால் பால் மாத்திரம் 41 கிலோ எடை. கேன்களின் எடை தனி. இதனைக் கேரியர் மேல் ஏற்றாமல் இரு புறமும் தாழத் தொங்கவிடுவது நம் பால்காரர்கள் அனுபவத்தில் கண்ட முறை. பாரம் தாழ இருந்தால் வண்டி சாயாது. காலையும் பின்வழியாகப் போடலாம். பழைய பாணிக் கறுப்புச் சைக்கிளில் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பதைப் பலரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். பாரம் பின்னால் விழுகிறது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. கண்ணாடிக் கடைகளில் நிறுத்தியிருக்கும் புதுப் பாணி வண்டிகள் பலவற்றில் இரு சக்கரத்துக்கும் கம்பி ஒரே அளவு, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு ஒற்றைக் கால். பால்கேனைக் கட்டி ஒற்றைக் கால் ஸ்டாண்டில் நிறுத்தினால் பால் தரையில்தான்.

நெசவாளியின் தேவை இதற்கு நேர்மாறானது. அவருடைய பாரம் இலேசு, ஆனால் விலைமதிப்புள்ளது, அழுக்குக்கு ஆகாதது. விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாடு போன்ற பட்டு நெசவு ஊர்களில் ஒரு புடைவையை ஒப்படைக்கச் செல்பவர், பல நாள் உழைப்பை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். செயின் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டால் போதும். மழைச்சேறு ஒரு தெறிப்பு விழுந்தால் போதும். ஆகவே நெசவாளிக்கு முழுச் செயின்கவரும், அகலமான மட்கார்டும், கேரியர் மேல் மூடியுள்ள பெட்டியும் இன்றியமையாதவை. பெட்டிக்குள் ரெக்சின் விரித்துவிட்டால் மழைக்காலமும் கடந்துவிடும். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். குழித்தறியில் நாள் முழுவதும் மிதிப்பலகையை மிதித்தவருடைய கால் மாலையில் களைத்திருக்கும். அவர் சைக்கிளில் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கி மிதிப்பது வேதனையை இரட்டிக்கும். சீட்டை உயர்த்தினாலே பாதி வலி குறையும். இதற்குக் காசு எதுவும் தேவையில்லை.

கியர் வண்டி தேவையா என்று இளையவர் கேட்டார். சங்கிலியைப் பல்லுக்குப் பல் தாவச் செய்யும் கியர்கள் மலைப்பாதைக்கு ஏற்றவை. செம்மண் தூசியிலும் சேற்றிலும் அவை பழுதாவது விரைவு, பழுதானால் சரிசெய்ய ஆளும் இங்கே குறைவு. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கிய மூன்று கியர் முறையை இங்கிலாந்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்பார் 1902-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தனர். தூசி புகாதது, நெடுநாள் உழைப்பது; ஆனால் நம் ஊர்க் கடைகளில் அதனைக் காண்பது அரிது.

எனினும் எதிர்க்காற்றிலும் பாரத்திலும் மிதிப்பவர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. முன்பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் ஃப்ரீவீலில் 18 பற்கள் உள்ள 28 அங்குலச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சற்றேறக்குறைய 6 மீட்டர் நகரும். ஃப்ரீவீலை மட்டும் கழற்றி 22 பல் உள்ளதை மாட்டினால் ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். காலுக்கு வேண்டிய பலமோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வேகம் குறையும் என்பது உண்மை. 60 கிலோ பாரத்தோடு செல்பவர் வேகத்துக்காக ஏறவில்லை. செயினில் ஓரிரு கண்ணி கூட்டவேண்டியிருக்கும். மரத்தடி மெக்கானிக் அரை மணியில் செய்து தருவார். ஐம்பதைக் கடந்த அங்கத்தினர்கள் இதனை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

நிலக்கடலையில் ‘டி.எம்.வி.’ என்ற எழுத்துக்களோடு வரும் ரகங்களெல்லாம் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். மானாவாரிக்கு ஒன்று, இறவைக்கு ஒன்று, குறுகிய பருவத்துக்கு ஒன்று என்று ஆராய்ந்து கொடுக்கிறார்கள். விவசாயியும் விசாரித்தே விதைக்கிறார். அதே விவசாயி சைக்கிள் கடைக்குப் போனால் நிறத்தைப் பார்த்து வாங்கிவருகிறார்.

அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சைக்கிளைப் பற்றியும் குழுவில் பேச்சு வந்தது. தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு இது தொடங்கி, 2005-06 முதல் எல்லாப் பிரிவு மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்குச் சைக்கிளாக அன்றிப் பணமாகவே கொடுத்தனர். பீகார்த் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலை வகுப்பில் பெண்கள் சேருவது 32 சதவீதம் உயர்ந்ததையும், ஆண்-பெண் வேற்றுமை 40 சதவீதம் குறைந்ததையும் கண்டனர். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில்தான் பலன் மிகுதி என்பதும் அவர்கள் கண்டது. இங்கே பல வீடுகளில் ஓடும் ஒரே சைக்கிள் பள்ளியில் கொடுத்ததுதான். பெண் பள்ளியை விட்டு வெளியேறியதும் அது தகப்பனார் கைக்குப் போகிறது. பாரத்துக்கென்று செய்யாத வண்டியில் இரண்டு உர மூட்டை ஏறுகிறது. ஆறு மாதத்தில் ஃபிரேம் வெல்டிங்குக்கு வருகிறது. அந்தப் பெண் மீண்டும் நடக்கிறாள். கடன் மனுக்கள் பெண்களிடமிருந்து வருவதன் காரணத்தை இங்கே தேடவேண்டும்.

எந்தக் கம்பெனி வண்டி என்பதில் எனக்கு அதிக அக்கறையில்லை. நாட்டு விடுதலைக்குப் பின் 1949-இல் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செய்த டி.ஐ. கம்பெனியின் ஹெர்குலிஸ், 1956-இல் லூதியானாவில் எழுந்த ஹீரோ, அரியானாவின் அட்லஸ் என்று நம் ஊர்களில் பெயர் பெற்றவை சில. அட்லஸின் சாஹிபாபாத் ஆலை 2020 ஜூன் 3-ஆம் தேதி வேலையை நிறுத்தியது. அது உலக சைக்கிள் தினம் என்பது விதியின் விளையாட்டுப் போலும். உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்கிறதா என்பதையே கேட்கவேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் 24,000 சைக்கிள்களை வழங்கிப் பணி தொடங்கிய ‘வேர்ல்டு பைசிக்கிள் ரிலீஃப்’ என்னும் அமைப்பு, பிற்பாடு ஆப்பிரிக்க நாடுகளுக்கென்று 100 கிலோ தாங்கும் கேரியரோடு ஒரே மாதிரி வண்டியை வகுத்தது. கூடவே ஊருக்கு ஊர் மெக்கானிக்குகளைப் பழக்கி, அவர்களுக்கு உதிரிபாகமும் கிடைக்கச் செய்தது. வண்டியைக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கை மறந்தால் அது ஓராண்டு வண்டி. நம்மிடம் மெக்கானிக்குகள் இருந்தார்கள். இன்று பஞ்சர் ஒட்டும் கடையை மோட்டார் சைக்கிள் கடையில்தான் தேடவேண்டும். சங்கத்தின் உரக்கிடங்கில் ஓர் அலமாரியை ஒதுக்கி டியூப், பிரேக் கட்டை, ஃப்ரீவீல், செயின் ஆகியவற்றை வைத்து விற்பது பெரிய முதலீடு அல்ல.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. முன்னாளில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸார் நிறுத்துவார்கள். பஞ்சாயத்து வில்லை இல்லாவிட்டாலும் நிறுத்துவார்கள். இன்று எவரும் நிறுத்துவதில்லை. கம்பெனிகளும் விளக்கு வைத்து விற்பதில்லை. அதே சமயம் பெருஞ்சாலையில் லாரிகளின் வேகம் பன்மடங்கு கூடிவிட்டது. திரும்புமிடம் தொலைவில் இருப்பதனால், பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர் விடியா இருளில் எதிர்த்திசையில் ஓரமாகவே வருகிறார். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கம்பிப் பிரேக் பிடிப்பது மெதுவாகத்தான். கடன் தொகையில் முன்விளக்கு, பின்விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான் மூன்றின் விலையையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்; தனியே வாங்கிக்கொள் என்றால் வாங்கமாட்டார்கள். டைனமோ விளக்கு சற்றுப் பாரமாய் மிதிக்கச் செய்யும், ஆனால் செல் தீர்ந்துபோகும் கவலையில்லை. 1990-களில் மின்சாரமும் எரிபொருளும் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு வந்தனர். நமக்கு வேண்டியது 20 அடிக்கு வெளிச்சம்தான்.

குழுவின் வேண்டுகோளின்பேரில் நான் ஒரு தீர்மான நகலை எழுதிக் கொடுத்தேன். சைக்கிள் கடனைக் கறவை மாட்டுக் கடனோடு பயன்தரும் கடனாகக் கொள்வது. மாதிரியைக் குழு விதிக்காமல் மனுதாரரே தேர்ந்தெடுப்பது. ஆனால் என்ன பாரம், எவ்வளவு தூரம், எந்தச் சாலை என்று மனுவிலேயே எழுதச் செய்து அதற்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பது. வண்டியின் பில் மனுதாரர் பெயரிலேயே இருப்பது. கடைசி விதியைச் சிலர் விரும்பவில்லை. வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் என்ன என்றனர். பள்ளிச் சைக்கிள்களுக்கு நேர்ந்ததை நினைவூட்டினேன்.

சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்காக அளவு பார்க்கும் முறையையும் குறித்துவிடுகிறேன். ஃபிரேம் 20, 22, 24 அங்குலம் என்று வரும். ஐந்தடி ஓரங்குல உயரமுள்ளவர் 22 அங்குல வண்டியில் ஏறினால் கால் விரல் நுனியால் மிதிக்க நேரும். அவருக்கு 20 போதும். குறுக்குக் கம்பி உள்ள வண்டியாயின், இரு பாதமும் தரையில் பட நின்றால் கம்பிக்கு மேல் இரண்டு விரல் இடமாவது இருக்கவேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடலைத் தாழ இறக்கி, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுவே சீட்டின் சரியான உயரம். கடையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. வழக்கமாய்க் கட்டும் மூட்டையையோ கேனையோ கையோடு கொண்டுபோய், கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஏறி, இறங்கிப் பார்க்கவேண்டும். கடைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

தீர்மானம் அன்று நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அது மாலை நான்கு மணிக்கு என்று அறிவிக்கப்பட்டபோது, மனுப் போட்ட அம்மையார், “அந்நேரம் பால் கறக்கிற நேரம் ஐயா, ஆறரைக்கு வைத்தால் நாங்கள் ஏழெட்டுப் பேர் வருவோம்” என்றார். காரியதரிசி நோட்டீசில் நேரத்தை அடித்துத் திருத்தி எழுதினார்.